‘சொன்னார்’ என்று எழுதினால் போதாதா?



உங்கள் இல்லத்தில் ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், அதன் ஆங்கில இலக்கண ஏட்டை ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். நேர்கூற்று, அயற்கூற்று என்ற தலைப்பில் பக்கம் பக்கமாகப் பயிற்சிகள் இருக்கும். ஒருவர் பேசியதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுவது நேர்கூற்று. அதையே நம்முடைய வாக்கியமாக மாற்றி, ‘அவர் இன்னது சொன்னார்’ என்று எழுதுவது அயற்கூற்று. தேர்வில் சில மதிப்பெண்களுக்குரிய பாடம். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். நானும் கவலைப்படவில்லை. நான் கற்பித்த ஒரு வரி, ஓசூரில் ஒரு தொழிலாளியின் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்தபோதுதான் கவலைப்பட்டேன். அந்தச் செய்தியை உங்களிடம் சொல்லிவிடவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலம் படியாத தாய்மாரும் தொடர்ந்து வாசிக்கவேண்டும் என்பதற்காக ஆங்கிலச் சொற்களையெல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன்.

ஓசூரைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஜுஜுவாடியைத் தாண்டினால் கன்னட நாடு. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு தொழிற்கூடங்களும் தெருவுக்குத் தெரு முளைத்தன. தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், பாகலூர், சூளகிரி எனச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்த கையோடு அங்கே வேலைக்குச் செல்கிறார்கள். மேலாளர்களோ பல மாநிலத்தவர். எனவே எழுத்து வேலையெல்லாம் ஆங்கிலத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பிறகு என் பழைய மாணவன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். சிறிய தொழிற்கூடம் ஒன்றில் அவன் லைன் லீடர். நிறுவனத்தின் பெயரும் அவன் பெயரும் இங்கே வேண்டாம். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் நடந்தவற்றை ஆங்கிலத்தில் எழுதி மேலாளருக்கு அனுப்புவது அவன் பொறுப்பு. மேலாளருக்குத் தமிழ் தெரியாது.

அன்றைக்கு மூன்று நாள் முன்னதாக பிரஸ் மெஷினில் ஒரு டூல் உடைந்திருக்கிறது. அதில் வேலை பார்த்தவர் ஐம்பது வயதைக் கடந்த ஆபரேட்டர். என்ன ஆயிற்று என்று இவன் கேட்டதற்கு அவர், “ஆமாம்ப்பா, அப்ப மெஷின்ல நான்தான் இருந்தேன். சத்தம் வேற மாதிரி வருதுன்னு காலையிலேயே சொன்னேனே” என்றிருக்கிறார். அடுத்த ஷிஃப்டுக்கும் இருக்க முடியுமா என்று கேட்டதற்கு, “பொண்ணுக்குக் காய்ச்சல், இன்னைக்கு முடியாதுப்பா” என்றிருக்கிறார். நடந்தது இவ்வளவுதான்.

இவன் எழுதி அனுப்பியது இது: “ஹி அட்மிட்டடு தட் ஹி வாஸ் ஆன் த மெஷின். ஹி க்ளெய்ம்டு தட் ஹி ஹேட் ரிப்போர்ட்டடு த நாய்ஸ். ஹி டினைடு டு டூ ஓவர்டைம்.”

மூன்றாம் நாள் அந்த ஆபரேட்டரின் கையில் விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. தம் தவறைத் தாமே ஒப்புக்கொண்டார் என்றும், முன்னரே சொன்னதாக ஆதாரமின்றிக் கூறிக்கொள்கிறார் என்றும், மேலதிக வேலைக்குக் கீழ்ப்படியவில்லை என்றும் அதில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரு முனையில் யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டவர், நேரே இவனிடம் வந்து, “நான் எப்பப்பா தப்பு பண்ணேன்னு சொன்னேன்?” என்று கேட்டிருக்கிறார்.

“ஏன் தம்பி, ‘செட்’ என்று எழுதியிருக்கலாமே?” என்றேன்.

“சார், நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க! ‘செட், செட்’னு எழுதினா நல்லா இருக்காது, மாத்தி மாத்தி எழுதணும்னு. லிஸ்டே கொடுத்தீங்களே சார்!”

உண்மைதான், கொடுத்தேன். ‘செட்’ என்பதற்குப் பதிலாக எழுதத்தக்க சொற்கள் என்று இருபத்தைந்து சொற்களைப் பட்டியலாக எழுதிப் போட்டு, ஏட்டில் ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். அட்மிட்டடு, க்ளெய்ம்டு, டினைடு மூன்றும் அதில் இருந்தன. அவற்றின் பொருள் வேறுபாட்டைச் சொன்னேனா? தமிழில் ஒவ்வொரு பொருள் எழுதிப் போட்டதோடு சரி. தேர்வுத் தாளில் அந்தச் சொற்கள் அழகாகத்தான் இருந்தன.

வாசகர்களே, அந்த மூன்று வாக்கியங்களையும் சற்று நின்று பாருங்கள்.

‘செட்’ என்பது வெறுமனே ‘சொன்னார்’. சொன்னது மெய்யா பொய்யா, நல்லதா கெட்டதா என்று அது பேசாது. ‘அட்மிட்டடு’ என்றாலோ, தமக்குப் பாதகமான ஒன்றை, மறைத்திருக்கக்கூடிய ஒன்றை, ஆமென்று ஏற்றுக்கொண்டார் என்று பொருள். மெஷினில் தாம் இருந்ததை அவர் மறைக்க என்ன இருக்கிறது? அது அவருடைய வேலை; இருக்கத்தானே வேண்டும்! ‘அட்மிட்டடு’ என்று எழுதிய கணத்தில், மெஷினில் இருந்ததே குற்றமாகிவிட்டது.

‘க்ளெய்ம்டு’ அதைவிடக் கொடியது. அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு என்று எழுதுபவர் தோளைக் குலுக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சொல் அது. காலையிலேயே சத்தத்தைப் பற்றிச் சொன்னார் என்பதே அந்த மனிதருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. அதன்மீது ஐயத்தைப் பூசியது அந்த ஒரு சொல். இதற்கு நேர் எதிராக ‘பாயின்டடு அவுட்’ என்று எழுதியிருந்தால், அவர் சுட்டிக்காட்டியது உண்மையே என்று எழுதியவனும் சேர்ந்து ஒப்பியதாக ஆகியிருக்கும். இரண்டும் வேண்டாம், நடுநிலை வேண்டும் என்றால் ‘செட்’ ஒன்றே போதும். பெரிய ஆங்கில நாளிதழ்கள் செய்தியாளர்களை ‘செட்’ என்றே எழுதப் பழக்குவதும், ‘க்ளெய்ம்டு’, ‘அட்மிட்டடு’ ஆகியவற்றில் எச்சரிக்கை கேட்பதும் இதனால்தான். அழகு குறைந்தாலும் அநீதி நேராது.

மூன்றாவது வாக்கியத்தில் நேர்ந்தது தமிழனுக்கே உரிய பிழை. இதை நான் ஆயிரம் விடைத்தாள்களில் திருத்தியிருக்கிறேன், இன்றும் காண்கிறேன். ‘குற்றச்சாட்டை மறுத்தார்’ என்கிறோம். ‘வர மறுத்தார்’ என்றும் சொல்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ‘மறுத்தார்’ ஒன்றே. ஆங்கிலத்தில் முன்னது ‘டினைடு’, பின்னது ‘ரெஃப்யூஸ்டு’. நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றை இல்லை என்பது டினை; செய்யச் சொன்னதைச் செய்யமாட்டேன் என்பது ரெஃப்யூஸ். ‘டினைடு’ என்பதை அடுத்து ‘டு’ போட்டு வினை எழுதவே கூடாது. ‘ஹி டினைடு டூயிங் ஓவர்டைம்’ என்று எழுதினால் இலக்கணம் சரியாகிவிடும். பொருளோ, ‘தாம் ஓவர்டைம் செய்யவே இல்லை என்று சொன்னார்’ என்றாகிவிடும்! மாதக் கடைசியில் ஓவர்டைம் கூலி கணக்கிடுபவர் கையில் அப்படியொரு வரி கிடைத்தால் என்ன ஆகும்?

சரி, ‘ரெஃப்யூஸ்டு’ என்றாவது எழுதியிருக்கலாமா என்றால், அதுவும் இங்கே பொருந்தாது. அதில் ஒரு பிடிவாதம், ஒரு கீழ்ப்படியாமை ஒலிக்கிறது. ‘மகளுக்குக் காய்ச்சல் என்பதால் இன்று இருக்க இயலாது என்று சொன்னார்’ என்று காரணத்தையும் சேர்த்து ‘செட்’ போட்டு எழுதுவதே அறம். காரணத்தை விழுங்கிவிட்டு வினையை மட்டும் எழுதுவது பாதிப் பொய்.

‘ஒப்புக்கொண்டார்’ என்ற நம் சொல்லும் இவ்வாறே பல ஆங்கிலச் சொற்களின் வேலையைத் தனியே செய்கிறது. கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டார் என்றால் ‘அக்ரீடு’. தவற்றை ஒப்புக்கொண்டார் என்றால் ‘அட்மிட்டடு’. கொலையை ஒப்புக்கொண்டார் என்றால் ‘கன்ஃபெஸ்டு’. அகராதியில் ‘ஒப்புக்கொள்’ என்ற ஒரே பொருளைப் பார்த்துவிட்டு, சம்பந்தி வீட்டார் நிக்காஹ் தேதிக்கு ‘அட்மிட்’ செய்தார்கள் என்று ஒரு மாணவி எழுதினாள். படித்துச் சிரித்தேன். தொழிற்கூடத்தில் அதே பிழை நடந்தால் சிரிக்க முடியவில்லை.

ஒருவர் சொன்னதாக இன்னொருவர் எழுதும் சொல்லுக்கு உயிரே போன கதையும் உண்டு. இங்கிலாந்தின் குராய்டன் நகரில் 1952 நவம்பர் 2ஆம் தேதி இரவு, ஒரு கிடங்கின் கூரையில் இரண்டு இளைஞர்களைப் போலீசார் சூழ்ந்தனர். டெரக் பென்ட்லி என்னும் 19 வயது இளைஞன் பிடிபட்டிருந்த நிலையில், அவனுடைய கூட்டாளியான 16 வயது கிறிஸ்டபர் கிரெய்க் சுட்டதில் சிட்னி மைல்ஸ் என்ற காவலர் உயிரிழந்தார். பென்ட்லி தன் கூட்டாளியைப் பார்த்து, ‘லெட் ஹிம் ஹேவ் இட்’ என்று கத்தியதாகப் போலீசார் சாட்சி சொன்னார்கள். ‘துப்பாக்கியை அவரிடம் கொடுத்துவிடு’ என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம்; ‘அவரைச் சுட்டுத் தள்ளு’ என்றும் கொள்ளலாம். அப்படி ஒரு சொல்லே அங்கு பேசப்படவில்லை என்று இருவரும் மறுத்தனர். சுட்டவன் சிறுவன் என்பதால் தூக்கிலிருந்து தப்பினான். சுடாத பென்ட்லி 1953 ஜனவரி 28இல் தூக்கிலிடப்பட்டான். பின்னாளில் மால்கம் கூல்த்தார்டு என்ற மொழியியல் அறிஞர் பென்ட்லியின் வாக்குமூலத்தை ஆராய்ந்து, அதில் ‘தென்’ என்ற சொல் நிற்கும் இடமும் அளவும் சாதாரண மக்களின் பேச்சைப் போல் இல்லை, போலீசார் அறிக்கை எழுதும் நடையைப் போல் இருக்கிறது என்று காட்டினார். 1998 ஜூலை 30இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆள் போய் 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் நாட்டுச் சட்டமும் இந்த அபாயத்தை அறிந்தே வைத்திருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படுவதை அவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்ற விதி, 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தைப் பிடித்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் அது தொடர்கிறது. தொழிற்கூடத்து ஷிஃப்ட் அறிக்கைக்கு அப்படியொரு காவல் இல்லை. லைன் லீடர் எழுதினால் எழுதியதுதான்.

இப்போது நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு விந்தையைச் சொல்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. நம் வீடுகள் பலவற்றில் பேசப்படும் உருது, லக்னோவாரின் உருது அன்று, தக்னி. அதில் ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பதற்கு ‘ஆதூம் போல்கே போலா’ என்கிறோம். வடநாட்டார் கேட்டால் புன்னகைப்பார்கள். அவர்கள் ‘உஸ்னே கஹா கே…’ என்று தொடங்கி, ‘சொன்னான்’ என்பதை முதலில் வைத்து, சொன்ன செய்தியைப் பின்னால் வைப்பார்கள். நாமோ தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றோடு நூற்றாண்டுகளாகக் கலந்து வாழ்ந்து, அவற்றின் ‘என்று’ என்பதை ‘போல்கே’ என்று உருதுவுக்குள் கொண்டுவந்துவிட்டோம். நம் பேச்சில் செய்தி முதலில் வரும், ‘என்று சொன்னான்’ பின்னால் வரும். இதைக் குறை என்று நாணவேண்டியதில்லை.

ஆனால் ஆங்கிலம் வடநாட்டு உருதுவைப் போல வினையைத்தான் முதலில் வைக்கிறது. ‘ஹி அட்மிட்டடு’ என்று வாசித்த உடனேயே, இனி வரப்போவது குற்றம் என்று வாசிப்பவரின் மனம் முடிவு கட்டிக்கொள்கிறது. செய்தி அதற்குப் பிறகுதான் வருகிறது. தமிழில் ‘மெஷினில் நான்தான் இருந்தேன்’ என்ற பேச்சை முழுதாகக் கேட்டபிறகே ‘என்று ஒப்புக்கொண்டார்’ என்பதை நாம் அடைகிறோம். இதில் ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்க நமக்கு ஓர் அவகாசம் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் அந்த அவகாசம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பக்கத்துத் தெருச் செய்தியை வீட்டுப் பாட்டி எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள். ‘அந்தப் பையன் வேலையை விட்டுட்டானாம்’ என்பார். அந்த ‘ஆம்’ ஒன்றில், ‘நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான்’ என்ற பொறுப்பான அறிவிப்பு அடங்கியிருக்கிறது. ‘வந்தானாம்’ என்பதைக் கன்னடத்தில் ‘பந்தனந்தே’ என்பார்கள்; தெலுங்கில் ‘வச்சாடட’. நம் தக்னியில் ‘ஆயா கத்தே’. நான்கு மொழியிலும் ஒரு சிறு ஒட்டோ ஒரு குட்டிச் சொல்லோ அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஓர் ஒட்டுக் கிடையாது. ஆகவே நம் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஆம்’ உதிர்ந்துபோகிறது; கேள்விப்பட்டது கண்டதாகிறது. ‘ஐ ஹர்டு தட்’ என்றோ, ‘சோ அண்ட் சோ டோல்டு மீ தட்’ என்றோ தனியாகச் சேர்த்தால்தான் அந்தப் பொறுப்பு மீண்டும் வரும். எங்கள் பள்ளிப் பாடநூல் எதிலும் இதைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒருவர் சொன்னதை எந்தச் சொல்லால் எடுத்துரைப்பது என்பதில் நம் முன்னோர் காட்டிய கவனத்தை எண்ணினால், எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஹதீஸ் நூல்களின் தமிழ்ப் பெயர்ப்புகளில் பெரும்பாலும் ‘இன்னார் அறிவிக்கிறார்கள்’ என்ற ஒரே தொடர்தான் நம் கண்ணில் படுகிறது. அரபு மூலத்தின் அறிவிப்பாளர் தொடரில் அப்படியன்று. ஆசிரியர் தம் வாயால் சொல்ல மாணவர் கேட்டிருந்தால் ‘ஹத்தஸனா’. மாணவர் வாசித்துக்காட்ட ஆசிரியர் கேட்டு ஏற்றிருந்தால் ‘அக்பரனா’. நேரில் கேட்டாரா இல்லையா என்று வெளிப்படையாகச் சொல்லாமல், ‘இன்னாரிடமிருந்து’ என்று மட்டும் சொன்னால் ‘அன்’. இடையிலுள்ளவரின் பெயரை மறைக்கும் வழக்கமுடைய ஓர் அறிவிப்பாளர் ‘அன்’ என்று சொன்னால், நேரில் கேட்டது வேறு வழியில் உறுதியாகும்வரை அறிஞர்கள் அதை ஏற்கத் தயங்குவார்கள். பலவீனமான செய்தியை எடுத்துரைக்கும்போது, ‘நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்’ என்று உறுதியாகச் சொல்லாமல், ‘ருவிய’, அதாவது ‘அறிவிக்கப்பட்டுள்ளது’ என்று ஒதுங்கிச் சொல்வதே முறை என்று வகுத்தார்கள்.

இந்தச் சொற்களில் கருத்து வேறுபாடும் இருந்தது. ஹத்தஸனா, அக்பரனா இரண்டும் ஒரே தரத்தவை என்ற கருத்தை ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) தம் நூலின் கல்விப் பாடத்தில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 261இல் மறைந்த இமாம் முஸ்லிம் (ரஹ்) இரண்டையும் பிரித்தே எழுதினார்கள். இரண்டு ஆசிரியர்களிடம் ஒரே செய்தியைக் கேட்டிருந்தால், இந்தச் சொல்லமைப்பு இன்னாருடையது என்று குறிப்பிடுமளவுக்கு அவர்களுடைய பேணுதல் இருந்தது. ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) இவற்றையெல்லாம் தொகுத்து இலக்கணமாகவே எழுதிவைத்தார்கள். மக்தபில் நம் பிள்ளைகளுக்கு ஹதீஸ் மனனம் செய்விக்கும் ஹஜ்ரத்மார்களில் சிலராவது இதையும் இரண்டு வரி சொல்லிக்கொடுத்தால், ஆங்கில ஆசிரியர் செய்யாததை அவர்கள் செய்தவர்களாவார்கள்.

மீண்டும் ஆங்கிலத்துக்கு வருகிறேன். ‘நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்’ என்று ஒருவர் சொன்னார் என வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தி சொன்னால் ‘ப்ராமிஸ்டு’. கடன் கொடுத்தவர் சொன்னால் ‘த்ரெட்டன்டு’ அல்லது ‘வார்ன்டு’. சொல் ஒன்றே; எடுத்து எழுதுபவர்தான் அதை வாக்குறுதியாகவோ மிரட்டலாகவோ ஆக்குகிறார். ‘கதவைத் திறங்க’ என்பதும் அப்படித்தான். அதை ‘ஆஸ்க்டு’ என்று எழுதினால் கேட்டுக்கொண்டார், ‘ஆர்டர்டு’ என்றால் கட்டளையிட்டார், ‘பெக்டு’ என்றால் கெஞ்சினார். தமிழில் ‘திற’, ‘திறங்க’ என்று வினையின் முடிவிலேயே மரியாதை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அது தெரியாது. எழுதுபவர் தேரும் வினைதான் காட்டவேண்டும். பெரியவர் ஒருவர் பணிவாகக் கேட்டதை ‘டிமாண்டடு’ என்று எழுதிவிட்டு, ‘கேட்டார் என்றுதானே பொருள்’ என்று சாதிப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

சில்லறைப் பிழைகளையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ‘டோல்டு’ என்றால் யாரிடம் என்பது உடனே வரவேண்டும்: டோல்டு மீ, டோல்டு மை மதர். ‘செட்’ என்பதை அடுத்து நேராக ‘மீ’ வராது; ‘செட் டு மீ’ என்றே வரும். ‘சஜஸ்டடு மீ டு கோ’ என்று எழுதக் கூடாது. ‘சஜஸ்டடு தட் ஐ கோ’ என்க. ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய இலக்கண நூலை வைத்துப் படித்த என் தலைமுறைக்கு, ‘ஐயோ’ என்றால் வருத்தத்தோடு கூவினார், ‘ஆகா’ என்றால் மகிழ்ச்சியோடு கூவினார் என்று மாற்றுவது கைவந்த கலை. ஆனால் ஒரு தொழிற்கூடத்திலும் யாரும் மகிழ்ச்சியோடு கூவி நான் கண்டதில்லை. அந்த நேரத்தில் டினைடுக்கும் ரெஃப்யூஸ்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

சகோதரிகளே, நீங்கள் ஆங்கிலம் அறியாவிட்டாலும் இதைப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். இரவு உணவின்போது, ‘இன்று உன் டீச்சர் என்ன சொன்னார்?’ என்று கேளுங்கள். ‘திட்டினார்’ என்று பிள்ளை சொன்னால் விடாதீர்கள். ‘அவர் வாயிலிருந்து வந்த சொல் என்ன, அதைச் சொல்’ என்று கேளுங்கள். ‘ஏட்டை நாளைக்குக் கட்டாயம் கொண்டுவா என்றார்’ என்று வரும். அது திட்டா, நினைவூட்டலா, எச்சரிக்கையா என்று இருவரும் பேசிப் பாருங்கள். அதன்பின் அதே பேச்சை ஆங்கிலத்தில் முதலில் ‘டோல்டு மீ டு’ என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு ‘வார்ன்டு மீ டு’ என்று எழுதச் சொல்லி, பொருள் எங்கே மாறுகிறது என்று அதையே உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அக்காளும் தம்பியும் ஒருவர் மீது ஒருவர் புகார் கொண்டுவரும் வீடுகளில் இந்தப் பயிற்சிக்குப் பஞ்சமே இராது.

அந்த இளைஞனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றிரவே இருவரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். ‘என் அறிக்கையில் மூன்று வினைச்சொற்களைப் பொருள் அறியாமல் எழுதிவிட்டேன். அவர் பேசிய சொற்கள் இவை’ என்று, முதலில் அந்த ஆபரேட்டரின் பேச்சைத் தமிழில் அப்படியே எழுதி, அதன்கீழ் ‘செட்’ என்ற ஒரே வினையை வைத்து ஆங்கிலத்தில் எழுதினோம். கையெழுத்துப் போடும்போது அவன் கை சற்றுத் தயங்கியது. ஆங்கிலம் தெரியாதவன் என்று எழுதிக் கொடுப்பது அவனுடைய பதவி உயர்வுக்கு நல்லதில்லை என்பது அவனுக்கும் எனக்கும் தெரியும். போட்டுவிட்டான்.

விசாரணையில் அவனிடம், “அப்படியானால் முதலில் எழுதியது பொய்யா, இப்போது எழுதியது பொய்யா?” என்று கேட்டார்களாம். “முதலில் எழுதியது என்னுடைய சொல் சார், இப்போது எழுதியிருப்பது அவருடைய சொல்” என்றிருக்கிறான். தமிழ் தெரிந்த ஓர் அதிகாரியை வரவழைத்து, அந்தத் தமிழ் வாக்கியங்களைப் பதிவில் ஏற்றினார்கள். தொழிற்சாலைகளின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் ஒட்டவேண்டும் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. தொழிலாளி பேசியதை அவர் அறிந்த மொழியில் எழுதிக்கொள்ள, அங்கே ஒரு நோட்டீஸ் வரவேண்டியிருந்தது.

காலை ஷிஃப்டில் சத்தத்தைப் பற்றிக் கேட்ட இன்னொருவரும் சாட்சி சொன்னபின் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. ஆபரேட்டரை வேறு லைனுக்கு மாற்றினார்கள். தேநீர் இடைவேளையில் இவனோடு உட்கார்ந்து கொண்டிருந்தவர் பிறகு பல மாதம் உட்காரவில்லை என்று சொன்னான். இவன் ஷிஃப்ட் அறிக்கையில் யார் பேசியதை எழுதினாலும், ஆங்கில வரிக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் அவர் பேசிய தமிழையும் எழுதிவிடுகிறான். கன்னடம் பேசுபவர் என்றால் கன்னடப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறான். எதற்கு இந்தக் கூடுதல் வரி என்று மேலாளர் ஒருமுறை கேட்டதற்கு, “எனக்காக சார்” என்றானாம்.